மூன்றாம் நம்பர் பேட்டரி

சென்றாயன் முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று, கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டு, லென்ஸ் பார்க்கிற திசையை விட்டு விலகிச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பதினெட்டு வருஷமாகக் கேமரா ரிப்பேர் செய்கிறேன். கேமராவைக் கிணற்றில் போட்டவன், பெண்டாட்டிமேல் வீசி உடைத்தவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. தன் கேமராவைப் பார்த்தே பயப்படுகிற போட்டோகிராபரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன கோளாறுங்க?" என்றேன்.

"இதுக்குள்ள என்னமோ இருக்குதுங்க. என்னன்னு பாத்துச் சொல்லோணும்," என்றார்.

எனக்கு முன்கோபம் உண்டு. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவேன். ஆனால் இந்த மனிதர் நடுங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். இடது காதுப் பக்கம் பேசினால் அவருக்குக் கேட்கவில்லை, வலது பக்கம் போய்ப் பேசினேன்.

அவர் கொல்லிமலை வளப்பூர் நாட்டுக்காரர், மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. நாற்பத்தாறு வயது. வாலிபத்தில் ஆறு வருஷம் போர்வெல் லாரியில் சத்தீஸ்கர் வரை போய்த் துளை போட்டவர். கம்ப்ரசர் சத்தத்தில்தான் காது போனது. அங்கே மூடப்போகிற ஒரு ஸ்டுடியோவில் பழைய கேமராவையும் மூன்று பேட்டரிகளையும் வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினார். சோளக்காடு என்கிற மலையூரில் மிளகுக் கடைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து ஸ்டுடியோ வைத்தார். கல்யாணம், காதுகுத்து, ரேஷன் கார்டுக்குப் படம், சாவுக்குப் படம் எல்லாம் அவர்தான். பேட்டரிகளில் நகப்பாலிஷால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வைத்திருந்தார். ஒழுங்கான ஆள்.

அவர் பக்கத்தில் ஒரு வழக்கம். வீட்டுப் பெரியவர்கள் படுக்கையில் விழுந்தால், முகம் தேறியிருக்கும்போதே ஒரு நல்ல படம் எடுத்து வைத்துவிடுவார்கள். பின்னால் மாலை போட்டு மாட்ட வேண்டுமே! அப்படித்தான் குண்டனி நாட்டில் ஒரு பெரியவரை எடுக்கக் கூப்பிட்டார்கள். மார்கழி மாசம், விடிந்து கொஞ்ச நேரம், வீட்டுக்குள் வெளிச்சமே இல்லை. பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறார். நாலாவது படத்தில் கேமரா அப்படியே அணைந்துவிட்டது. அதுவரை பேட்டரியில் பாதிக்குமேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டியதாம். நாலு நாளில் பெரியவர் போய்விட்டார்.

"சாவுக்கும் நானே போனனுங்க. அதே பேட்டரி. சார்ஜுகூடப் போடலீங்க. வாசல்ல சேர்ல உக்கார வெச்சிருந்தாங்க. நாப்பது படம் எடுத்தேன். ஒரு கோடு எறங்குலீங்க."

அடுத்தது வளப்பூரில் ஒரு அம்மா. அங்கேயும் கேமரா அணைந்தது. பத்து நாளில் அந்த அம்மா போனார். அவர் பிணத்தின் முன்னாலும் பேட்டரி குறையே சொல்லாமல் வேலை செய்தது. மூன்றாவது ஆள் காளியண்ணன். ஐம்பது வயதுதான். படுக்கையில் விழவில்லை, லேசான இருமல், அவ்வளவுதான். மகனோடு சேர்ந்து ஒரு குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டவர். அவர் நடுவில் நிற்கும்போது கேமரா அணைந்தது. இருபது நாள்தான் இருந்தார்.

அதற்குப் பிறகு மலையில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. 'சென்றாயன் பொட்டி யாரைப் பாத்துக் கண்ணை மூடுதோ, அவங்க போயிருவாங்க. அவங்க போன பொறவுதான் பொட்டி கண்ணைத் தொறக்கும்.'

"சரி, இப்ப யாரைப் பாத்து மூடுச்சு?" என்றேன். கேலியாகத்தான் கேட்டேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "கோகிலான்னு ஒரு புள்ளைங்க. இருவத்திமூணு வயசு. ஏழு மாசம். வளைகாப்புல அவங்கம்மா முதல் வளையலைப் போடையில மூடிருச்சுங்க. அன்னைக்குப் படுத்த புள்ள, இன்னியோட ஒம்பது நாளு. ரெண்டு வாய்க்கு மேல கஞ்சி குடிக்கறதில்லை. எப்படியும் போகப்போறேன், எதுக்குத் திங்கோணும்னு கேக்குதாம். ஊட்டுக்காரன் ஜீவா போர்வெல் வண்டியில வடக்க இருக்கான். நர்சம்மா வந்து பாத்துட்டு, இப்படியே போனா ரெண்டு உசுருக்கும் பொறுப்பில்லைன்னுட்டாங்க."

பேட்டரிகளைக் கழற்றச் சொன்னேன். கேமராவுக்குள் இருந்தது மூன்றாம் நம்பர். அவர் அதைப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு ஒண்ணாம் நம்பரைப் போட்டுட்டுப் போனதாத்தானுங்க நெனப்பு," என்றார். நினைப்பு தப்பாக இருக்கும் என்றேன்.

என்னிடம் பேட்டரிக்குச் சோதனை மெஷின் ஒன்று இருக்கிறது. புதிதில் நூறு பிடித்த பேட்டரி இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று சொல்லும். முதல் இரண்டும் அறுபதுக்குப் பக்கம் காட்டின. மூன்றாம் நம்பர் நாற்பத்திரண்டு. சும்மா வைத்திருந்தால் முக்கால்வாசி நிரம்பியதாகக் காட்டியது. பிளாஷ் இழுக்கிற அளவுக்கு ஒரு இழுப்பு கொடுத்தேன், முள் தொப்பென்று விழுந்தது. இழுப்பை நிறுத்தினேன், மறுபடி எழுந்து முக்கால்வாசிக்கு வந்து நின்றது.

"பாத்தீங்களா? இதுதான் உங்க பேய்," என்றேன். "அடிவாரத்துல காரவள்ளி வரைக்கும் கிழட்டு பஸ்ஸும் பறக்கும். முதல் கொண்டை ஊசி வளைவுல ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். இதுவும் அப்படித்தான். இருட்டு வீடு, பிளாஷ், மார்கழிக் குளிர். அந்தக் குளிர் புது பேட்டரிக்கு ஒண்ணுமே இல்லை, கிழட்டு பேட்டரிக்கு அது போதும். அணைஞ்சுபோனதைச் சட்டைப் பையில போட்டு வெச்சா, உடம்புச் சூட்டுல மறுபடி எழுந்துக்கும். நடுப்பகல் வெயில்ல, பிளாஷ் இல்லாம எடுத்தா நாப்பது படம் என்ன, நூறுகூட எடுக்கும். வயசானவங்களும் அதே குளிர்லதான் போறாங்க. உங்களைக் கூப்பிடறதே போகப்போறவங்களை எடுக்கத்தானே? இதுல என்ன மர்மம்?"

"காளியண்ணன் போகப்போறவர் இல்லீங்க," என்றார் மெதுவாக.

அதைக் காதில் வாங்காத மாதிரி, பேட்டரிகளை எங்கே வைப்பார் என்று கேட்டேன். வீட்டில் அடுப்புக்கு நேர் மேலே இருக்கிற மூங்கில் பரணில் என்றார். ராகி, சாமை விதைகளோடு! மலையில் பனி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும், லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், அதனால் காய்ந்த இடமாகப் பார்த்து அவர் மனைவி இருசாயிதான் அங்கே வைக்கிறாளாம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"அடுத்த வருசத்துக்கு வேணுங்கறதெல்லாம் அங்கதானுங்க உசுரோட இருக்கும்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

விதைக்கு அது சரி. லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூட்டைவிடப் பெரிய எமன் கிடையாது. அதுவும் முழுக்க நிரப்பி அங்கே வைத்தால் மாசத்துக்கு மாசம் உள்ளுக்குள் கருகிக்கொண்டே வரும். போதாக்குறைக்கு லாரியில் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் சொட்டு மிச்சமில்லாமல் காலி செய்துவிட்டுத்தான் சார்ஜ் போடுவாராம். அந்தக் கதையெல்லாம் அந்தக் காலத்து நிக்கல் பேட்டரிக்கு. இதைக் காலி செய்யக் காலி செய்ய ஆயுசு குறையும். என் கோபத்தையெல்லாம் ஒரு பில்லின் பின்பக்கம் கொட்டி எழுதிக் கொடுத்தேன். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதே. குளுமையான, காய்ந்த இடத்தில் வை. சும்மா கிடக்கும் பேட்டரியைப் பாதி சார்ஜில் வை, நிரப்பியும் வைக்காதே, காலியாகவும் விடாதே. கேமராவுக்குள்ளேயே விட்டுவைக்காதே. மாசம் ஒரு தடவை எடுத்துப் பார். குளிரில் போனால் உள்சட்டைப் பையில் வைத்துக் கொண்டுபோ.

அவர் தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டார். "இதையெல்லாம் அந்தப் புள்ளைகிட்டச் சொன்னா நம்புமுங்களா?"

நம்பாது என்று எனக்கே தெரிந்தது. அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் அந்த யோசனையைச் சொல்லிற்று. "அவ கண்ணு முன்னாடி நீங்களே போய் நில்லுங்க. இதே பேட்டரி, இதே குளிர், பிளாஷ். உங்களைப் பாத்து அணையட்டும். அதுக்கப்புறம் நீங்க சாகாம இருப்பீங்க. அவ பாத்துப் புரிஞ்சுக்குவா."

அவர் கேமராவின் பக்கம் திரும்பினார்.

"எத்தனை நாள் சாகாம இருந்தாப் போதுமுங்க?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. முதல் பஸ்ஸில் நானும் மேலே போனேன். யோசனை சொன்னவன் கூட நிற்க வேண்டாமா? சோளக்காட்டில் இறங்கியபோது எதிரில் நிற்கிற பஸ்கூடத் தெரியாத மூடுபனி. சென்றாயன் குளித்துத் திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். எனக்கு அந்தச் சட்டை பிடிக்கவில்லை.

வளப்பூரில் கோகிலாவின் அம்மா ராஜேஸ்வரி மகளைக் கைத்தாங்கலாக வாசலுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு வயிறு மட்டும்தான் இருந்தது, மற்றதெல்லாம் வற்றிப் போயிருந்தது. நாற்பது ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். ஒருவரும் கேமராவுக்கு முன்பக்கம் வரவில்லை. பத்து நொடிக்கு டைமர் வைத்து நான் பொத்தானை அமுக்க வேண்டும், அவர் முக்காலிக்கு எதிரே போய் நிற்க வேண்டும். மூன்றாம் நம்பரைப் போட்டேன். முக்கால்வாசி காட்டியது.

ஒவ்வொரு பிளாஷுக்கும் பனி வெளுத்து மறைந்தது. எட்டு, ஒன்பது, பத்து. வெறுமனே ஒரு பேட்டரியைத் தீர்க்கிற வேலை, ஆனாலும் எண்ணிக்கொண்டே அமுக்கினேன். பதினான்காவது படத்தில் பிளாஷ் பாதி எரிந்தது போல இருந்தது. திரை கறுத்துவிட்டது. பொத்தானைத் திரும்ப அமுக்கினேன். ஒன்றும் இல்லை.

சென்றாயன் அசையாமல் லென்ஸைப் பார்த்தபடியே நின்றார். பிறகு கோகிலாவின் குரல் கேட்டது.

"அம்மா, பசிக்குது."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பேட்டரியைக் கழற்றி எல்லாருக்கும் காட்டி, சூடு, குளிர், இழுப்பு என்று பாடம் நடத்த ஆரம்பித்தேன். ஒரு ஆள்கூட என்னைப் பார்க்கவில்லை. ராஜேஸ்வரி ஓடிப்போய் சென்றாயனின் காலில் விழுந்தாள். "எம் புள்ளை மேல விழுந்ததை நீங்க வாங்கிக்கிட்டீங்களே சாமி! எங்க குலதெய்வம் நீங்கதானுங்க!" என்று கதறினாள். அப்புறம் ஒவ்வொருவராக விழுந்து கும்பிட்டார்கள். பின்னால் திரும்பினேன். வேலியோரம் ஒருத்தி நின்றிருந்தாள். சென்றாயன் மனைவி இருசாயி. அவளிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இது உங்க ரோசனைங்களா?" என்று மட்டும் என்னைக் கேட்டாள்.

பேட்டரி கால் மணி நேரத்தில் வெயில் பட்டு எழுந்துகொண்டது. மெமரி கார்டை நான் கடைக்கு எடுத்துவந்து பார்த்தேன். எழுதும்போது மின்சாரம் போனால் படம் பாதியில் வெட்டுப்படும், கீழே வெறும் சாம்பல் நிறம்தான் இருக்கும். இது எல்லாக் கார்டிலும் நடக்கிறதுதான். பதினான்காவது படத்தில் சென்றாயன் புருவம் வரைக்கும்தான் இருந்தார். அதை அழித்துவிட்டேன். ஏன் அழித்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

கோகிலாவுக்குப் பங்குனியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மலையில் ஒருவரும் பேட்டரிக் கதையை நம்பவில்லை. அவர்கள் நம்பியது வேறு. கோகிலாவின் சாவு இப்போது சென்றாயனிடம் இருக்கிறது, அது எப்போது நடக்கும் என்பதுதான் தெரியவில்லை.

அதற்கேற்ற மாதிரி எல்லாரும் அவரிடம் நல்லவர்களாகிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாக வேலித் தகராறில் பேசாத பங்காளி, தானே வந்து வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போனான். முதல் பலா, முதல் மிளகுக் கொத்து எல்லாம் அவர் வீட்டு வாசலுக்கு வந்தன. பஸ்ஸில் கர்ப்பிணிகள்கூட எழுந்து இடம் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு மட்டும் யாரும் கூப்பிடவில்லை, போகப்போறவரை மணமேடைக்குப் பக்கத்தில் எப்படி நிறுத்துவது? அவர் எதிரே வந்தால் தாழ்ந்த குரலில் பேசினார்கள். சாகாத மனிதருக்கு மாசக்கணக்கில் துக்கம் காத்தார்கள். ஆள் பாதியாக இளைத்துவிட்டார்.

வைகாசியில் நான் மறுபடி போனேன். வீட்டுக்குள் கூட்டிப்போய் இருசாயி ஒரு மண்கலயத்தைக் காட்டினாள். அடுப்பிலிருந்து எட்ட, வடக்குச் சுவரோரம், குளுமையான மூலை. அடியில் உலர்ந்த மணல், அதன்மேல் டப்பா, டப்பாவுக்குள் மஞ்சள் துணியில் சுற்றி மூன்றாம் நம்பர் பேட்டரி. நான் எழுதிக் கொடுத்த பில் தாளை மேலே சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். மாசம் ஒரு தடவை என்று எழுதியிருந்தேன் அல்லவா, அமாவாசைக்கு அமாவாசை எடுத்துப் பார்த்து, பாதிக்குக் குறைந்திருந்தால் பாதிக்கு ஏற்றுகிறாள். பத்து டிகிரி வாங்கிய இன்ஜினியர்கூட ஒரு பேட்டரியை அப்படிப் பராமரிக்க மாட்டான்.

"அன்னைக்கு இவரைப் பாத்து மூடுன கண்ணு, இவரு இருக்கையிலயே தொறந்துக்கிச்சு," என்றாள். "மத்தவங்களுக்கு அப்படி நடக்குலீங்க. அதனால இது முழிச்சிருக்கற வரைக்கும் இவருக்கு ஒண்ணுமில்லை."

மற்றவர்களுக்கும் அதே மாதிரி கால் மணி நேரத்தில்தான் எழுந்திருக்கும், யாரும் உடனே போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொன்னேன். கேட்கவில்லை. என் முன்கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இந்தக் கிழட்டு பேட்டரியை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்றீங்க? நீங்க எவ்வளவு தாங்கினாலும் ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல இது தானாப் போயிரும்!" என்று கத்திவிட்டேன்.

கத்திய பிறகுதான் சென்றாயன் வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். நல்ல காது என் பக்கம் இருந்தது.

"ஒண்ணரை வருசமுங்களா?" என்றார். கோபமே இல்லை. கூலி கேட்டுத் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டார்.

என் வாழ்க்கையில் ஒரு மனுஷனுக்கு நாள் குறித்தது அன்றைக்குத்தான். என்ன சொல்லி அதை மாற்றுவது என்று தெரியாமல், "அது இங்க வெச்சிருந்தாத்தாங்க. எங்கிட்ட மெஷின் இருக்கு. எங்கிட்டக் கொடுங்க, வருஷக்கணக்கா ஓட்டிக் காட்டறேன்," என்றேன். கீழே கொண்டுபோய்த் தூக்கிப் போட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தால் போயிற்று என்பது என் கணக்கு.

இருசாயி ரொம்ப யோசித்தாள். பிறகு மஞ்சள் துணியோடு என் கையில் வைத்தாள். "உங்களை நம்பித்தான் குடுக்கறேனுங்க. அன்னைக்கு ஆரம்பிச்சதும் நீங்கதான்."

பஸ் வளைவு வளைவாக இறங்கியது. பேட்டரி என் சட்டைப் பையில் இருந்தது. கடையில் செத்த பேட்டரிகள் போட ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். மறுநாள் காலை கடை திறந்ததும் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். துணியைப் பிரித்தேன். நகப்பாலிஷில் அந்த மூன்று தெரிந்தது. பெட்டிக்கு மேலே கையை நீட்டியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து கூப்பிட்டபோது பேட்டரியை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. பேட்டரி நாமக்கல்காரரிடம் பத்திரமாக இருக்கிறது என்று மலையில் நிம்மதியாகிவிட்டார்கள். சென்றாயனுக்குக் கல்யாண ஆர்டர்கள் திரும்ப வர ஆரம்பித்தன. புது பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தேன், இன்றுவரை ஒரு தடவைகூட அணைந்ததில்லை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது, சிரிக்கிறார். கோகிலாவின் மகள் அவரைத் தாத்தா முறை வைத்து அப்புச்சி என்று கூப்பிடுகிறதாம்.

நான் ஒவ்வொரு மாசமும் முதல் தேதி காலையில் டிராயரைத் திறக்கிறேன். மின்முனைகளைப் பென்சில் ரப்பரால் துடைக்கிறேன். பாதிக்கு ஏற்றுகிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் மெஷினில் போடுகிறேன், அடிக்கடி சோதித்தால் அதுவே தேய்மானம். சித்திரையில் கடைக்கூரை சூடேறும்போது வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பூஜையறைத் தரையில் வைக்கிறேன், அங்கேதான் குளுமை. என் மனைவி கேட்டதற்கு ஒரு வாடிக்கையாளருடையது என்றேன். பேட்டரிக்கும் மனுஷன் ஆயுசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இதை யார் வந்து கேட்டாலும் மணிக்கணக்காக விளக்குவேன். ஆனால் அதை மெஷினில் சொருகுகிற முதல் தேதிகளில் எனக்குப் பயமாக இருக்கிறது.

மதியம் சென்றாயன் போன் செய்வார். நலம் விசாரிப்பார், மிளகு விலை சொல்வார், கடைசியில்தான் அதைக் கேட்பார்.

இந்த மாசம் மெஷினில் போட்டேன். முப்பத்தொன்று காட்டியது. கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். முப்பத்தொன்றுதான்.

"எவ்வளவுங்க காட்டுது?" என்றார் போனில்.

"நாப்பதுங்க," என்றேன். "போன தடவை இருந்த மாதிரியேதான் இருக்கு."